சத்தம்: சாதாரணம்

காவேரிப்பட்டினம் தாண்டி, போச்சம்பள்ளி போகிற ரோட்டில்
மாங்கூழ் கம்பெனி.
இரவு ஷிப்டு ஃபிட்டர் நான்.
மணிக்கொரு தரம் பதிவேட்டை நிரப்ப வேண்டும்:
வெப்பம் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு,
கடைசிக் கட்டத்தில்
சத்தம்: சாதாரணம்.

பதினோரு சீசனாய் அதே சொல்.
மூன்று பேனா அதற்கே தீர்ந்திருக்கும்.

வெளியே எடைமேடையிலிருந்து புளியமரம் வரை
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்.
டிரைவர்கள் ஆளுக்கொரு செல்லில் ஆளுக்கொரு பாட்டு,
ஒன்று தெலுங்கு, ஒன்று கன்னடம்,
சார்ஜ் தீர்ந்தவன் விசில்.
வாட்ச்மேன் வளர்க்கிற நாய்
சங்கு ஊதுவதற்கு ஒரு நிமிஷம் முன்பே
கழுத்தை நீட்டி ஊளையைத் தொடங்கிவிடும்.
சங்குதான் அதற்குப் பின்பாட்டு.

உள்ளே கூழ் பிழியும் மிஷின்
கொட்டைகளை உருட்டிக்கொண்டு,
பல் விளக்கும்போதே பாடப் பார்க்கிறவன் மாதிரி.
நீராவிக் குழாய்க்கு எப்போதும் சளி.
டப்பாவுக்கு வாய் மூடுகிற மூன்றாம் நம்பர் மட்டும்
ஒரே சுருதி.
நூல் பிடித்த மாதிரி விடியும்வரை.

அதன் பக்கத்தில் மாரக்கா. பர்கூர்ப் பக்கம்.
தலைக்கு வலை, வாய்க்குத் துணி,
துணிக்குள்ளே எந்நேரமும் ஒரு ம்ம்ம்.
பாட்டென்று சொல்ல முடியாது,
அதில் சொல்லும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை.
என்ன பாட்டுக்கா என்று கேட்டால்
"நானா? நான் எங்க சாமி பாடறேன்?" என்பாள்.
பொய்யில்லை. அவளுக்கே தெரியாது.

‘வேலை நேரத்தில் பேச்சு, பாட்டு கூடாது.’
அறிவிப்பை ஒட்டியவர் சூப்பர்வைசர் தனகோட்டி.
ஒட்டும்போது விரலால் சுவரில் தாளம் போட்டார்.

ஆனி மாசம், ஒரு மணி இருக்கும்.
மாரக்கா துணியை இறக்கினாள்.
"இது சரியில்லப்பா."
எது?
"தெரியல. ஒட்ட மாட்டேங்குது."

ஸ்க்ரூ டிரைவர் நுனியை பேரிங் மேல் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டேன்.
ஒன்றுமில்லை.
தொட்டுப் பார்த்தேன். எப்போதும் போன்ற சூடு.
சத்தம்: சாதாரணம், எழுதினேன்.
அவள் மறுபடி ம்ம் என்று தொடங்கி
மறுபடி நிறுத்தினாள்,
செருப்பில் கல் ஏறியவள் போல.

என்னவோ, அணைத்துவிட்டேன்.

தனகோட்டி ஓடி வந்து கத்தினார்:
வெளியே நாற்பது லோடு, பழம் அழுகினால் உன் அப்பனா தருவான்?
கத்தி முடிப்பதற்குள் மூடியைக் கழற்றியிருந்தேன்.
கிரீஸ் கருத்திருந்தது.
குண்டுகளைப் பிடித்திருக்கும் வளையத்தில்
தலைமயிர் கனத்தில் ஒரு விரிசல்.
விடிவதற்குள் வெடித்திருக்கும்.
நின்றுகொண்டிருந்தவளின் முழங்கை உயரத்தில்.

மாற்ற முப்பத்தைந்து நிமிஷம்.
பெண்கள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.
கப்பல்வாடிக்காரி ஒருத்தி காலி டப்பாவைத் தட்டிக்கொண்டு
"இப்பதான் சத்தம் இல்லியே, ஒண்ணு பாடேன் மாரக்கா" என்றாள்.

"எதுகூட?" என்றாள் மாரக்கா.

பதிவேட்டில் ‘பழுதைக் கண்டறிந்தவர்’ என்றொரு கட்டம் உண்டு.
என் பெயரை எழுதினேன்.
யாரும் எழுதச் சொல்லவில்லை.
மேனேஜர் கை குலுக்கினார்,
சம்பளத்தோடு ஐந்நூறு சேர்ந்து வந்தது.
பிள்ளைக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், மீதிக்குக் கறி.

வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தி
பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு
ம்ம் என்று பார்த்தேன்.
மேலே போகிறேன், கீழே வருகிறேன்.
பக்கெட் வழிகிறது.
"யாருங்க உள்ள, வயித்து வலியா?" என்கிறாள் மனைவி.

இன்று மாரக்கா வரவில்லை.
ஊரில் சாவு என்றார்கள்.
அவள் இடத்தில் புதுப்பெண்,
காதில் பஞ்சு.
மூன்றாம் நம்பர் ஓடுகிறது.
சரியாகத்தான் ஓடுகிற மாதிரி இருக்கிறது.

மணி இரண்டு.
வெப்பம் எழுதிவிட்டேன். அழுத்தம் எழுதிவிட்டேன்.